காம்பனிலிஸ்மோ: மணிக்கோபுரத்திலிருந்து பிறந்த ஒரு சொல்

இத்தாலியின் வடக்கே மோதெனா நகரத்தில் ஒரு பழைய வாளியைப் பொக்கிஷம் மாதிரி வைத்துக் காக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாதாரண மரவாளிதான். 1325 நவம்பரில் பக்கத்து நகரமான பொலோனியாவின் படையை சப்போலீனோ என்ற இடத்தில் முறியடித்த மோதெனாக்காரர்கள், ஓடியவர்களை நகர வாசல்வரை விரட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த வாளிக்காகத்தான் போரே மூண்டது என்பது பின்னால் கட்டிய கதை. போப்பாண்டவர் பக்கம் ஒரு கட்சி, பேரரசர் பக்கம் ஒரு கட்சி என்று பிரிந்து நின்ற ஊர்கள் எல்லைக் கோட்டைகளுக்காக அடித்துக்கொண்டதுதான் நடந்தது. ஆனால் கோட்டைகளை இன்று யார் நினைக்கிறார்கள்? வாளிதான் நிற்கிறது. அசல் வாளி நகராட்சி மாளிகையிலும், அதன் நகல் பேராலயத்து மணிக்கோபுரத்திலும் இருக்கின்றன. எழுநூறு வருடம் ஆகியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நகல் வாளி மணிக்கோபுரத்தில் இருப்பது ரொம்பப் பொருத்தம். ஏனென்றால், இந்தக் குணத்துக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயரே மணிக்கோபுரத்திலிருந்து வந்ததுதான். அதன் பெயர் காம்பனிலிஸ்மோ.

முதலில் உச்சரிப்பு. தமிழில் 'ம்'முக்கு அடுத்து வரும் 'ப' தானாகவே மெலிந்து ஒலிக்கும். 'கம்பன்' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். இத்தாலியச் சொல்லில் அது 'பல்' என்பதில் வரும் வல்லின 'ப'. கம்பனுக்கும் இதற்கும் உறவு தேட வேண்டாம்.

காம்பானா என்றால் மணி. காம்பனீலே என்றால் மணி தொங்கும் கோபுரம். அதோடு 'இஸ்மோ' என்ற விகுதி சேர்ந்தால் காம்பனிலிஸ்மோ. அந்த விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. கொள்கை, போக்கு, மனப்பான்மை என்று பொருள் தரும். இந்த மனப்பான்மை உள்ள ஆள் காம்பனிலிஸ்தா. சொல்லைப் பிரித்தால் கிடைப்பது 'மணிக்கோபுரவாதம்'. புழக்கத்தில் அது குறிப்பது, என் ஊர் மணிக்கோபுரத்தின் நிழல் விழும் இடமே உலகம், அடுத்த ஊர்க்காரன் எல்லாவற்றிலும் ஒரு படி கீழே என்று நினைக்கும் மனம்.

மணிக்கு ஏன் காம்பானா என்று பெயர் வந்தது? நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள காம்பானியா வட்டாரம் பழங்காலத்தில் வெண்கல வேலைக்குப் பெயர்போனது. 'காம்பானியா வெண்கலப் பாத்திரம்' என்பது நாளடைவில் சுருங்கி, பிற்கால லத்தீனில் 'காம்பானா' என்றாலே மணி என்றாகிவிட்டது. தேவாலயத்தில் மணி கட்டும் வழக்கத்தைத் தொடங்கியவர், அதே வட்டாரத்தில் நோலா என்ற ஊரில் ஆயராக இருந்த புனித பவுலீனுஸ் என்றும் ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் இடைக்கால லத்தீனில் சிறு மணிக்கு 'நோலா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய மணிக்கு வட்டாரத்தின் பெயர், சின்ன மணிக்கு ஊரின் பெயர். ஊர்ப்பெருமையைக் குறிக்க வந்த சொல்லின் அடியிலேயே ஊர்ப்பெயர் கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, ஊரைக் குறிக்க எத்தனையோ இருக்க, மணிக்கோபுரம் ஏன்?

ரோமப் பேரரசு சிதைந்த பிறகு, 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வடக்கு, நடு இத்தாலியின் நகரங்கள் ஒவ்வொன்றாகத் தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அளவை, தனிக் காவல் புனிதர். பலவற்றுக்குத் தனி நாணயமும் உண்டு. அந்த வாழ்க்கை முழுவதும் மணியோசையில்தான் ஓடியது. நகர வாசலைத் திறக்க ஒரு மணி, அடைக்க ஒரு மணி. தீப்பிடித்தால் மணி, எதிரி வந்தால் மணி, சபை கூட மணி. நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் சூரியன் மறைவதிலிருந்து எண்ணும் பழக்கம் அங்கே பல நூற்றாண்டுகள் இருந்ததால், ஊருக்கு ஊர் நேரம்கூட வேறுதான். மணி கேட்கும் தூரம் ஊரின் எல்லை. கோபுரம் தெரியும் தூரம் வீட்டின் எல்லை.

மணி போருக்கும் போனது. கர்ரோச்சோ என்றொரு பெரிய மாட்டுவண்டியில் நகரக் கொடியை ஏற்றிப் போர்க்களத்துக்குக் கொண்டுபோவார்கள். புளோரன்ஸ்காரர்கள் மார்த்தினெல்லா என்று பெயரிட்ட தங்கள் போர்மணியையும் கூடவே எடுத்துப் போனார்கள். 1260இல் மோந்தபெர்த்தி போரில் சியெனா நகரம் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டது. எதிரியின் கொடிவண்டியைப் பிடித்தால் ஊரையே பிடித்த மாதிரி. சியெனாக்காரர் ஒருவரிடம் மோந்தபெர்த்தி என்று சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் முகம் மலரும்.

அமைதிக் காலத்தில் போட்டி கோபுரம் கட்டுவதில். 1334இல் புளோரன்ஸ் பேராலயத்தின் மணிக்கோபுர வேலையை ஓவியர் ஜொத்தோவிடம் ஒப்படைத்தார்கள். மூன்றே வருடத்தில் அவர் இறந்துபோனார், கோபுரம் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. நம் பாடப்புத்தகத்தில் வரும் 'பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம்' கூட ஒரு காம்பனீலேதான். 1173இல் தொடங்கிய அந்தக் கோபுரம் கட்டும்போதே சாய ஆரம்பித்தது. இடித்துவிட்டு நேராகக் கட்டலாமே என்று நமக்குத் தோன்றும். ஊர்க்காரர்கள் சாய்வைச் சரிக்கட்டிக்கொண்டே மேலே மேலே கட்டினார்கள். 1902 ஜூலை 14 அன்று வெனிஸின் மணிக்கோபுரம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. ஆள் யாரும் சாகவில்லை. புதுப் பாணியில் கட்டலாமா என்ற பேச்சு எடுபடவில்லை. 'எங்கே இருந்ததோ அங்கே, எப்படி இருந்ததோ அப்படி' என்பதே முழக்கமாகி, 1912இல் அதே வடிவத்தில் எழுந்து நின்றது.

பீசாவின் (பாடப்புத்தகத்துப் 'பைசா'தான்) பெயரை எடுத்தால் ஒரு பழமொழியைச் சொல்லாமல் விட முடியாது. 'வாசலில் பீசாக்காரன் வந்து நிற்பதைவிட, வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் தேவலை' என்பார்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். பீசா ஆட்கள் வரி வசூலிக்க வந்து நின்ற காலத்துக் கோபம் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. இன்று அதை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பக்கத்துத் துறைமுக ஊரான லிவோர்னோக்காரர்கள். பீசாக்காரர்களின் பதில் இன்னும் அழகு: 'கடவுள் உன் ஆசையை நிறைவேற்றட்டும்!'

சியெனாவில் இந்த மனப்பான்மை ஊருக்கு உள்ளேயே பிளந்து கிடக்கிறது. நகரம் பதினேழு பேட்டைகளாகப் பிரிந்தது; எல்லைகளை 1729இல் வரையறுத்தார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கொடி, தனித் தேவாலயம், குழந்தைகளுக்குப் பேட்டைத் திருமுழுக்குக் கொடுக்கத் தனி நீரூற்று. வருடத்தில் இரண்டு நாள், ஜூலை 2, ஆகஸ்ட் 16, நகரச் சதுக்கத்தில் குதிரைப் பந்தயம் நடக்கும். ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகள்தான் ஓட முடியும். நத்தைப் பேட்டைக்கும் ஆமைப் பேட்டைக்கும் தீராப் பகை. யார் வைத்த பெயரோ, குதிரைப் பந்தயத்தில் நத்தையும் ஆமையும்! அங்கே கடைசியாக வருவதில்கூட அவ்வளவு அவமானம் இல்லை. இரண்டாவதாக வருவதுதான் பெருந்தோல்வி. நாம் ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, பகைப் பேட்டை ஜெயிக்காமல் இருந்தால் அன்றைக்குத் திருவிழாதான்.

சாப்பாட்டுத் தட்டையும் விடவில்லை. 1972இல் பொலோனியாக்காரர்கள் தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தாவின் சரியான அகலத்தைத் தங்கத்தில் செய்து, நகர வணிகக் கழகத்தில் பதிந்து வைத்தார்கள். வெந்தபிறகு 8 மில்லிமீட்டர். எந்தக் கணக்கில்? ஊரின் உயரமான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. பாஸ்தாவை அளக்கவும் ஊர்க் கோபுரமே அளவுகோல்! சிசிலியில் சோற்று உருண்டைப் பொரியல் ஒன்று உண்டு. பலேர்மோவில் அது பெண்பால், 'அரஞ்சீனா'. கத்தானியாவில் ஆண்பால், 'அரஞ்சீனோ'. ஊர் மாறிப் பால் மாற்றிச் சொன்னால் கடைக்காரர் திருத்திவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார்.

இத்தாலி என்ற அரசே 1861இல்தான் பிறந்தது. வெனிஸ் 1866இலும் ரோம் 1870இலும் வந்து சேர்ந்தன. நாடு பிறந்தபோது பொது இத்தாலிய மொழியைக் கையாளத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று ஒரு மொழியியலாளர் கணக்கிட்டார். பத்துப் பேர் வரை இருக்கலாம் என்றார் இன்னொருவர். மற்றவர்கள் எல்லாம் ஊர்மொழிதான். நமக்குத் தெரிந்த வீரமாமுனிவரை இத்தாலியர் என்கிறோம். 1680இல் அவர் பிறந்தபோது இத்தாலி என்று ஒரு நாடு கிடையாது. மாந்துவாவுக்கு அருகே அவர் பிறந்த காஸ்தில்லியோனே, கொன்சாகா குடும்பக் கிளை ஒன்று ஆண்ட குட்டிச் சிற்றரசு. ஒரு நாடு உருவாகி, எல்லாரும் 'இத்தாலியர்' ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்த பிறகுதான், ஊரை விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு குறையாகத் தெரிய ஆரம்பித்தது. காம்பனிலிஸ்மோ என்ற சொல்லில் இருக்கும் கடிந்துகொள்ளும் தொனிக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கடிந்துகொள்ள நியாயமும் உண்டு. 1970 ஜூலையில், கலாப்ரியா மாநிலத்தின் தலைநகர் ரெஜ்ஜோ இல்லை, கத்தன்சாரோ என்று முடிவானதும் ரெஜ்ஜோ நகரம் கொந்தளித்தது. மாதக்கணக்கில் தடுப்பரண், தீவைப்பு, உயிர்களும் போயின. அரசு ராணுவத்தை இறக்கியது. கடைசியில் மாநில அரசு ஓர் ஊரில், சட்டமன்றம் இன்னோர் ஊரில் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். வேலையின்மையும் வறுமையும் பின்னால் இருந்தன என்றாலும், தீப்பொறி ஊர்ப்பெருமைதான்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ஒன்று: பயேசே. இத்தாலியத்தில் அதற்குச் சிற்றூர் என்றும் பொருள், நாடு என்றும் பொருள். தமிழில் 'ஊர்' அப்படித்தானே? துபாயில் இருப்பவர் 'அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்' என்றால் அது கிராமமா நாடா என்று யாரும் கேட்பதில்லை. பயேசேயிலிருந்து பயேசானோ, அதாவது ஊர்க்காரர். 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது லட்சம் இத்தாலியர் புறப்பட்டுப் போனார்கள். நியூயார்க்கில் இறங்கியவர்கள் மல்பெரித் தெருவில் நேப்பிள்ஸ்காரர்கள், எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள் என்று பிரிந்தே குடியேறினார்கள். கப்பலில் கோபுரத்தைக் கொண்டுபோக முடியாது, புனிதரைக் கொண்டுபோனார்கள். நேப்பிள்ஸின் காவலரான புனித ஜென்னாரோ திருவிழா மல்பெரித் தெருவில் 1926இலிருந்து நடக்கிறது.

இப்போது காம்பனிலிஸ்மோவுக்குத் தமிழ்ச் சொல் தேடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'மணிக்கோபுர மனசு' என்கிறார்கள். ஜெர்மானியர்களிடம் 'கோயில் கோபுர அரசியல்' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் பங்குத்தளத்தை, அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பரோக்கியல்' வந்தது. அதைத் தமிழில் 'குறுகிய மனப்பான்மை' என்று எழுதுகிறோம். அந்தத் தொடரில் ஊர் காணாமல் போய்விடுகிறது. கஞ்சனுக்கும் குறுகிய மனம்தான், பொறாமைக்காரனுக்கும் குறுகிய மனம்தான்.

கட்டடத்தின் பெயரில் குழப்பம் இல்லை. 'மணிக்கூண்டு' என்றால் நம் ஊர்களில் கடைத்தெருக் கடிகாரக் கோபுரம் நினைவுக்கு வரும். ஆகவே காம்பனீலேக்கு மணிக்கோபுரம் என்பதே தெளிவு. மனப்பான்மைக்கு 'மணிக்கோபுரவாதம்' என்று எழுதினால் படிப்பவர் மிரண்டுவிடுவார். 'ஊர்வெறி' மிகை, வாளி கதையில் இருக்கும் சிரிப்பு அதில் இல்லை. 'ஊர்ப்பற்று' நல்ல சொல், ஆனால் அதில் அடுத்த ஊர்க்காரன் வருவதில்லை.

என் தேர்வு ஊர்ச்செருக்கு. செருக்கு என்றால் ஆணவம் மட்டும் இல்லை. களிப்பு, மயக்கம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. 'யான்எனது என்னும் செருக்கு' என்று வள்ளுவர் எழுதிய இடத்தில், பற்று வைப்பதற்குக் காரணமான மயக்கம் என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். 'நாம், நமது' என்று விரிந்தால் அதுவே காம்பனிலிஸ்மோ. ஆணவமும் களிப்பும் மயக்கமும் ஒரே சொல்லில் கிடைப்பது அபூர்வம்.

ஆனாலும் ஒரு ஆள் இந்தச் சொல்லுக்குள் அடங்க மாட்டேன் என்கிறார். எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ என்ற மானிடவியலாளர் எழுதிவைத்த நிகழ்ச்சி இது. கலாப்ரியாவில் காரில் போனபோது வழி தெரியாமல் ஒரு வயதான ஆட்டிடையரிடம் விசாரித்தார்கள். அவர் சொன்னது விளங்கவில்லை. சந்திப்புவரை வந்து காட்டுங்கள், திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டார்கள். அரைமனதாக ஏறிய கிழவர் ஜன்னல் வழியே மார்செல்லினாரா ஊரின் மணிக்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபுரம் கண்ணிலிருந்து மறைந்ததும் தவிக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பினார்கள். வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டித் தேடிக்கொண்டே வந்தவரின் முகம், கோபுரம் மறுபடி தெரிந்தபோதுதான் தெளிந்தது. இறங்கியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிப்போய்விட்டார்.

அவரிடம் செருக்கு ஏது? வாளியைத் திருப்பித் தராத மோதெனாக்காரருக்கு ஊர்ச்செருக்கு என்று எழுதுங்கள். இந்தக் கிழவருக்கு மட்டும் ஊர்ப்பற்று என்றே எழுதலாம். பற்றுதல் என்றால் பிடித்துக்கொள்வதுதானே.