தூண்டிலைப் பறிக்காதீர்கள்

"இந்தக் கிழமை மேசையை உடைச்சிட்டான் மிஸ். நாளைக்கு அவனை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் இப்படி ஓர் அழைப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். சிலநேரம் வகுப்பாசிரியர், சிலநேரம் தகப்பன். ஒருமுறை அம்மாயியே லயத்திலிருந்து பேத்தியின் போனில் கூப்பிட்டார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். வகுப்பில் உட்காராதவன், கை நீட்டுகிறவன், எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவள் என்று என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளில் ஐந்தாறு பேரை மாதம் ஒரு சனிக்கிழமை காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிப் போகிறோம். மூங்கில் கம்பு, தங்கூசி, ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, டப்பாவில் மண்புழு. செலவு பெரிதாக ஒன்றுமில்லை.

மீன்பிடித்தால் பொறுமை வரும் என்பார்கள். நான் அப்படி எதையும் காணவில்லை. தக்கை அசையாத பத்து நிமிடம் துறுதுறுப்பான பிள்ளைக்குப் பெரிய தண்டனை. அவனுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்: புழு தோண்டுவது, தூண்டில் மாற்றிப் போடுவது, பக்கத்துக் கரையில் என்ன கொத்துகிறது என்று பார்த்து வருவது.

எனக்குப் பயன்பட்டது வேறொன்று. என் அறையில் பிள்ளையும் நானும் எதிரெதிரே உட்காருகிறோம். நான் கேட்பேன், அவன் சுவரைப் பார்ப்பான். கரையிலோ இருவர் கண்ணும் தக்கையில்தான். ஒரு பையன் நான்கு தடவை வந்தும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது தடவை, தண்ணீரைப் பார்த்தபடியே, "அம்மா குவைத்துக்குப் போனப்ப எனக்கு ஏழு வயசு மிஸ்" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அத்தோடு நின்றிருக்கும்.

இன்னொன்று, தண்ணீர் திட்டாது. கல்லெறிந்தால் மீன் போய்விடும், அவ்வளவுதான். அது யார்மேலும் கோபப்படாது, பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லாது. தான் செய்ததற்கு என்ன நடக்கிறது என்பதை, யாருடைய முகச்சுளிப்பும் இல்லாமல் பிள்ளை பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

சில பெற்றோர் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, "அரைமணி நேரம் உக்காருறானே, அப்ப ஸ்கூல்ல நடிப்புத்தானே?" என்கிறார்கள். நடிப்பில்லை. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும், உள்ள பிள்ளைக்குக் கவனமே கிடையாது என்று நினைப்பது தவறு. பிடித்த விஷயத்தில், பலன் உடனே தெரிகிற விஷயத்தில் அது ஒட்டிக்கொள்ளும், கரும்பலகையில் ஒட்டாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீடு பாடசாலை இரண்டிலும் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்து வைத்தியர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். கரையில் பார்த்ததை வைத்து நானும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது.

பிடிபட்ட மீனைப் பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் திலாப்பியாதான் கொத்தும். (1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீன் விட்டார்கள், 1952இல் வந்த திலாப்பியாதான் நம் சட்டிக்கு வந்து சேர்ந்தது.) துடிக்கிற மீனின் கண்ணில் ஒருவன் குச்சியால் குத்தினான். மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள். நான் குச்சியை வாங்கி வைத்துவிட்டு, "ஈரக் கையால பிடி, முள்ளைக் கழட்டு" என்று செய்து காட்டினேன். அடுத்த மீனை அவனே கழற்றித் தண்ணீரில் விட்டான். முதலில் குத்தியது வெறும் ஆர்வம்தான். ஆனால் சொல்லிக் கொடுத்த பிறகும் ஒரு பிள்ளை வேண்டுமென்றே, மறைவில், திரும்பத் திரும்ப உயிரை நோகடித்தால் அதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வைத்தியரின் உதவி வேண்டும். வீட்டில் அவனை யாரும் நோகடிக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகம் வந்தால் 1929க்கு அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

பாதுகாப்பில் நான் பிடிவாதக்காரி. உயிர்காப்பு அங்கி இல்லாத பிள்ளை கரைக்கு இறங்காது, நீச்சல் தெரிந்தாலும் சரி. வலிப்பு உள்ள பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் அவனுக்கென்றே ஒரு பெரியவர். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே ஒதுங்கக்கூடாது, நானும் அதில் அடக்கம். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விரலில் ஏறினாலும் லேசாகக் கழன்றுவிடும். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே வேண்டாம். மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால் ஓடி ஏற நேரமிருக்காது. அதனால்தான் தென்மேல் பருவமழை மாதங்களில் நாங்கள் போவதில்லை.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் எனக்கு இன்னொரு பயம். தண்ணீர் வற்றினால், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரியும். எந்தப் பிள்ளைக்குத்தான் நடந்து போய்ப் பார்க்க ஆசை வராது? காய்ந்ததுபோல் இருக்கும் அந்தச் சேறு முழங்கால்வரை இழுத்துவிடும். ஒருமுறை ஒருத்தியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். அவள் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மேசைக்கு வருகிறேன். நல்லாயிருந்தால் கூட்டிப் போவேன், குழப்படி செய்தால் விட்டுவிட்டுப் போவேன் என்றால், அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் ஒவ்வொரு மாதமும் வீட்டில் நிற்கும். பெரியவர்கள் கொடுக்கிற வாக்கு இப்படித்தான் என்று அவனுக்கு முன்பே தெரியும். அதை நாமும் உறுதிப்படுத்துவதாகிவிடும். உடைத்ததற்கு அவன் பொறுப்பெடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதை மேசையோடு தீர்க்க வேண்டும். திங்கட்கிழமை அவன் தோட்டத்துத் தச்சு பாஸுக்குப் பலகை பிடித்தான், இரண்டு ஆணி அவனே அடித்தான். ஒன்று வளைந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "மேசையைத் திங்கட்கிழமை பார்ப்போம் சேர். நாளைக்குக் காலை ஆறரைக்கு அவனை பஸ் நிக்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்க. காலையில குளிரும், ஸ்வெட்டர் போட்டுட்டு வரட்டும்."