பாமினிக் கோப்புகள் ஏன் வாசிக்க முடியாமல் போகின்றன?

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு 2003இல் அச்சிட்ட கல்வெட்டு என்ற நினைவு மலர் எங்கள் வீட்டில் ஒரேயொரு பிரதியாகத்தான் எஞ்சியிருக்கிறது. அதிலும் வம்சாவளி இருந்த இரண்டு பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது. அந்தப் பக்கங்களின் மூலக் கோப்பு பழைய இறுவட்டொன்றில் கிடைத்தபோது, தொலைந்த பெயர்கள் திரும்பிவிட்டன என்ற மகிழ்ச்சியோடு அதை மடிகணினியில் திறந்தேன். திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் பேரெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வாயால் உச்சரிக்க முடியாத கோவைகளாக நிறைந்திருந்தன. கோப்புப் பழுதாகிவிட்டது என்றார் மாமா. உண்மையில் அதில் ஒரு பைட்கூட, அதாவது பதிவின் ஒரு சிறு அலகுகூடக் கெடவில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டப்பட்ட கோப்பு, அவ்வளவுதான்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள் தமக்குள் ஓர் அட்டவணையை ஒப்புக்கொள்கிறார்கள். எழுத்துரு என்பது அந்த எண்களுக்குரிய உருவங்களை வரைந்து வைத்திருக்கும் படத்தொகுப்பு. 1963இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் இருந்தவை 128 இடங்கள், அவற்றிலும் தமிழுக்கு ஓர் இடம்கூட இல்லை. எனவே பாமினி போன்ற எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் எண்களை அப்படியே விட்டுவிட்டுப் படங்களை மாற்றினார்கள். 106 என்ற எண் ஆங்கிலத்தின் சிறிய ‘ஜே’யைக் குறிப்பது, அந்த இடத்தில் ‘த’ வரையப்பட்டது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் பதிவாவது 106, 107, 112, 111, 59 ஆகிய ஐந்து எண்கள், அதாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியோ கைத்தொலைபேசியோ அதே எண்களை ஆங்கிலமாகவே காட்டும்.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேறு வழியில்லாத காலத்தில் ஈழத்து அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கோயில் மலர்களுக்கும் கைகொடுத்தது இதுவே. ஆயினும் அந்த எழுத்து ஆங்கில வேடத்தில்தான் உலாவியது என்பதை ஒரு சிறு விபத்து நன்றாகக் காட்டும். பாமினியில் சிறிய ஜே ‘த’ என்றால் பெரிய ஜே ‘து’. சொற்செயலி இதை ஆங்கில வாக்கியம் என்று கருதி, முதல் எழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கிவிடும். அப்போது ‘தம்பி’ என்று தொடங்கிய வாக்கியம் ‘தும்பி’ என்று தொடங்கும், ‘மகன்’ ‘முகன்’ ஆகிவிடுவான். அந்நாளைய மலர்களை வாசிக்கும்போது வாக்கியத் தொடக்கத்தில் இத்தகைய பிழைகளைக் கண்டால், தட்டச்சாளரை நோகாமல் இந்தக் காரணத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் அட்டவணைதான் யுனிகோட். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதில் ‘த’வின் எண் 2980, ‘ம’வின் எண் 2990, அந்த எண்கள் வேறெந்த மொழியின் எழுத்தையும் குறிப்பதில்லை. யுனிகோட் எண்களைக் கோப்பில் பதிய இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவைப்படுவதால், பாமினியில் ஐந்து பைட்டில் அடங்கிய ‘தமிழ்’ இங்கே பதினைந்து பைட் ஆகிறது. இன்றைய சேமிப்பு வசதிக்கு அது ஒரு பொருட்டன்று.

அப்படியானால் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணை இட்டால் போதாதா? போதாது, சிக்கல் வரிசையில் இருக்கிறது. பாமினி கண் பார்க்கும் ஒழுங்கில் எழுதும்: ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் கால். யுனிகோடோ ஒலியின் ஒழுங்கில் மெய்யை முதலில் வைத்து, உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. கொம்பை இடப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது திரையில் வரையும் மென்பொருளின் பொறுப்பு. ஆகவே மாற்றி, அதாவது பாமினியை யுனிகோடாக்கும் மென்பொருள், ஒவ்வொரு கொம்பையும் தேடிப்பிடித்து, அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும்.

இதைவிடக் கடினமானது ஔகாரம். அதன் வலப்புறச் சிறகு ‘ள’வைப் போலவே இருப்பதால் பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசைதான். ‘கௌரி’ என்ற பெயரும் கொம்பு, க, ள, ரி என்றே பதிவாகும். கண் ஏமாறாது, சொல்லை அறிந்து வாசித்துக்கொள்ளும். மாற்றிக்கு அந்த அறிவு இல்லை. அது ‘ள’வை ‘ள’வாகவே விட்டால் ‘கெளரி’ பிறக்கும். பார்வைக்கு ஏறத்தாழச் சரியாகத் தெரிந்தாலும், ‘கௌரி’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. மறுதலையாக, கொம்புக்கும் ‘ள’வுக்கும் இடையே மெய் வந்த இடமெல்லாம் ஔகாரம் என்று கொண்டால் ‘வெளிநாடு’ என்பது ‘வௌிநாடு’ ஆகிவிடும். இந்த ‘வௌி’யை எங்கள் நாட்டுச் செய்தித் தளங்களில் அடிக்கடி காணலாம். ஒரு மெய்யின்மேல் இரண்டு உயிர்க்குறிகள் ஏறி நிற்கும் இவ்வடிவம் தமிழில் இருக்கவே முடியாது.

பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறோம், அது போதும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிஎஃப் எழுத்துருவின் உருவங்களைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால் அச்சிடுவதற்கும் வாசிப்பதற்கும் குறைவிராது. ஆனால் அதற்குள் இருப்பவை அதே பாமினி எண்கள்தாம்: ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கோவையே வந்து விழும், தமிழில் தேடினால் எதுவும் கிடைக்காது. 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் தீக்குக் கொடுத்த ஊர் இது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை வருடிச் சேர்த்துவருவது பெரும் பணி. ஆனால் வீடுகளிலும் சிற்றச்சகங்களிலும் கிடக்கும் பாமினிக் கோப்புகளை, அவற்றிலுள்ள பெயர்களையும் ஊர்களையும் சரிபார்க்கக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே யுனிகோடுக்கு மாற்றுவது அந்தந்த வீட்டாரால்தான் முடியும். மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மாற்றி செய்த தவறை அதைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும்.

அம்மம்மாவின் கல்வெட்டை மாற்றி முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்த மூன்று மாலைகள் பிடித்தன. நான் வரி வரியாக வாசிக்க, பெரியம்மா கறையான் விட்டுவைத்த விளிம்புகளோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ‘கௌரி’ என்று தேடிப் பார்த்தேன். மூன்று இடங்களில் வந்தது. “மூண்டு பேரும் வேற வேற ஆக்கள்” என்றார் பெரியம்மா.