அப்துல் காதர்ங்கிறது ஒரே பேரு, ரெண்டா உடைக்காதீங்க

மதுரையில வக்கீலா இருக்கேன். பேர் திருத்தம், கெஜட்ல பேர் மாத்துறதுன்னு என்கிட்ட வர்றவங்க நிறைய. அதுல நம்ம முஸ்லிம் பசங்க பேர்ல வர்ற சிக்கலப் பாத்தா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, பேரோட அர்த்தம் தெரியாம ஃபார்ம்ல எழுதிடுறாங்க.

அரபில அப்துன்னா அடிமை, அடியான். அதோட ஒட்டி வர்ற 'உல்' அடுத்த சொல்லோட சேர வேண்டியது, அந்த இடத்துல அல்லாஹ்வோட திருநாமம் ஒண்ணு வந்தாத்தான் பேரே முழுசாகும். காதிர்னா ஆற்றல் உள்ளவன், அப்ப அப்துல் காதர்னா ஆற்றல் உள்ளவனோட அடியான். வெறும் அப்துல்னு நிறுத்துனா யாரோட அடியான்னு தெரியாம பாதியில நிக்குது. ரஹ்மான்னு தனியா வைக்கிறது அதவிட மோசம், அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பேருன்னு மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்வாங்க. அல்லாஹ்வுக்கு ரொம்பப் பிரியமான பேரு அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும்னு நபிமொழியான ஹதீஸ்லயே இருக்கு.

அப்துர் ரஹ்மானா, அப்துல் ரகுமானான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணுதான். அரபில ர, ஸ மாதிரி சில எழுத்துக்கு முன்னாடி ல் சத்தம் மறைஞ்சு அடுத்த எழுத்தோட கலந்துடும், அப்துஸ் ஸமதும் அப்படித்தான். 1937ல நம்ம மதுரையில பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் வாய்க்கு வர்ற மாதிரியே எழுதிக்கிட்டார், தப்பே இல்ல. எப்படி எழுதுனாலும் எல்லா பேப்பர்லயும் அதே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

காதர்ங்கிற பேர் நம்ம பக்கம் இவ்வளவு பரவுனதுக்குக் காரணம் 1166ல பாக்தாத்ல மறைஞ்ச சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி. அவங்க பட்டப்பேரு முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர்னு அர்த்தம், அதுதான் நம்ம ஊர்ல மைதீன் ஆச்சு. வீட்டுக்கு வீடு காதர் மைதீன் இருக்கிறது அவங்க மேல வச்ச பிரியத்துலதான்.

மேலூர் பக்கத்துல இருந்து ஒருத்தர் மகனக் கூட்டிட்டு வந்தார், பையனுக்கு துபாய்ல வேலை ரெடி. பர்த் சர்டிபிகேட்ல அப்துல் மட்டும், டிசில ஏ.காதர், ஆதார்ல ரெண்டையும் ஒட்டி அப்துல்காதர், அதுலயும் இங்கிலீஷ்ல ஒண்ணுல டி, இன்னொண்ணுல டிஹெச். "எல்லாம் எம்புள்ள பேருதானே வக்கீல் தம்பி"ங்கிறார். உங்களுக்குத் தெரியுது அத்தா, கம்ப்யூட்டருக்கு மூணும் மூணு ஆளுன்னு சொன்னேன். ஸ்கூல்ல யாரோ அப்துல்ல இனிஷியல்னு நினைச்சு ஏ போட்டுட்டாங்க, அதுக்கு அந்தப் பையன் இப்ப ஆபீஸ் ஆபீஸா அலையிறான்.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் ஆடு அறுத்துக் கொடுக்கிற அகீகாவுல பேர் வைக்கிறப்பவே பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட அர்த்தத்தக் கேட்டு அரபில எழுதி வாங்கிக்கங்க, வீட்ல எல்லாருமா உக்காந்து இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒண்ண முடிவு பண்ணுங்க. பிறப்ப 21 நாளுக்குள்ள பதியணும், பேர மட்டும் ஒரு வருசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேக்கலாம், அதுக்கு மேல போனா லேட் ஃபீஸ். ஆனா ஒரு தடவை ஏத்திட்டா எழுத்துப் பிழையத் திருத்தலாமே தவிர பிடிச்ச மாதிரி மாத்திக்க முடியாது. 2023 அக்டோபர் 1ல இருந்து பிறக்குற பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன், லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பர்த் சர்டிபிகேட்தான் ஆதாரம், அதனால இதுல அசால்டா இருக்காதீங்க.

பாஸ்போர்ட் ஃபார்ம்ல அப்துல் ஒரு கட்டத்துல, காதர் இன்னொரு கட்டத்துலன்னு பிரிக்கவே வேணாம். முழுப் பேரையும் கிவன் நேம்ல போட்டுட்டு சர்நேம்ல அத்தா, அதாவது அப்பா பேர எழுதுங்க. காலியா விட்டாலும் சிரமம்தான், 2022 நவம்பர்லயே அமீரகம் ஒத்தப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொல்லி, அப்புறம் அத்தா பேர் உள்பக்கத்துல இருந்தா பரவால்லன்னு தளர்த்துனாங்க.