"பழகிடும் மேடம்"னு இனிமே என்கிட்ட சொல்லாதீங்க

குழந்தைங்களுக்குக் காது கேக்குதான்னு டெஸ்ட் பண்றது என் வேலை. இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். நாலு வயசுப் பையன், கூடவே டீச்சர் எழுதிக் குடுத்த ஒரு சீட்டு. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், சொன்னதைச் செய்றதில்ல, காது செக் பண்ணவும்." பண்ணேன். சவுண்ட் ப்ரூஃப் ரூம்ல உக்கார வெச்சு ஹெட்ஃபோன் மாட்டி, பீப் கேக்கும்போதெல்லாம் ஒரு ப்ளாக்கை டப்பாவுல போடுடா கண்ணுன்னு சொன்னா, நமக்கே கேக்குமாங்கிற சத்தத்துக்கெல்லாம் டக் டக்குனு போடுறான். ரிப்போர்ட் நார்மல். அதைக் கேட்டதும் அவங்கப்பா நிம்மதியாவார்னு பாத்தா, அவனைப் பாத்து "அப்போ வேணும்னே பண்றியா?"ங்கறார். எனக்குப் பொறுக்கல.

பர்மிஷன் வாங்கிட்டு அவன் படிக்கிற இடத்துக்கே போய்ப் பாத்தேன். ஒரே ஹால், நடுவுல ரெண்டு பீரோவை நிறுத்தி ரெண்டு க்ளாஸா பிரிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் கதை நேரம், அந்தப் பக்கம் கைதட்டிப் பாட்டு, மூலையில ஒரு குழந்தை மர ப்ளாக்கையெல்லாம் ப்ளாஸ்டிக் டப்பாவுல கொட்டிக் கொட்டி எடுக்குது, தரை டைல்ஸ், சுவர் மொட்டையா இருக்கு, நாற்காலி இழுக்கிற சத்தம் பல்லு கூசுது. டீச்சரோட குரல் ஏற்கனவே உடைஞ்சு போயிருந்துச்சு (அவங்க தொண்டையை யாராச்சும் பாருங்கன்னு தனியா சொல்லிட்டு வந்தேன், அது இன்னொரு கதை). இவ்ளோ சத்தமா இருக்கேன்னு மெதுவா ஆரம்பிச்சா உடனே வந்துச்சு பதில், "சின்னப் பிள்ளைங்கதானே, பழகிடும் மேடம்."

பழகாதுங்க. எத்தனை தடவை சொல்றதுன்னு தெரியல, இன்னொரு தடவை சொல்றேன்.

பெரியவங்க நமக்கு சத்தத்துக்கு நடுவுல பேச்சு புரியுதுன்னா அது காதோட திறமை மட்டும் இல்ல. விட்டுப்போன எழுத்தை மூளை தானா நிரப்பிக்குது, அந்த வார்த்தை நமக்கு ஏற்கனவே தெரியுங்கிறதால. டீச்சர் "வட்டமா உக்காருங்க"ன்னு சொல்றாங்க. பின்னாடி இருக்கிற குழந்தைக்கு வந்து சேர்றது "...ட்டமா ...காருங்க". நீங்களா இருந்தா யோசிக்காமலே வட்டம்னு போட்டுப்பீங்க. அவனுக்கு அது வட்டமா, கட்டமா, பட்டமா, சட்டமா? அவன் இப்பதான் அந்த வார்த்தைகளையே கத்துக்கிட்டிருக்கான், இல்லாத சரக்கை எங்கேர்ந்து எடுத்து நிரப்புவான்? பக்கத்துல இருக்கிறவன் என்ன பண்றான்னு பாத்து அதையே பண்ணுவான், அதைப் பாத்துட்டு நாம "பாத்தீங்களா, பழகிட்டான்"னு சொல்லிக்குவோம். அவன் பழகினது சத்தத்துக்கு இல்ல, டீச்சர் குரலைக் கண்டுக்காம இருக்கிறதுக்கு. சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சு எடுக்கிற திறமை டீன் ஏஜ் வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கிற ஒண்ணு, அதை நாலு வயசுல கேக்கறீங்க.

சளி பிடிச்ச குழந்தைங்க கதை இன்னும் மோசம். இந்த வயசுல காதுக்குள்ள நீர் சேர்றது ரொம்ப சகஜம், வலியே இருக்காது, ஆனா கேக்கிற அளவு 20, 30 டெசிபல் குறைஞ்சு போகும், அப்புறம் பெரும்பாலும் சில வாரத்துலயோ சில மாசத்துலயோ தானா சரியாகும், அடுத்த சளிக்கு திரும்ப வரும். அதனால எங்கிட்ட வர்ற அன்னைக்கு நார்மல்னு வந்தா போன மாசமும் நார்மல்னு அர்த்தம் இல்ல, சந்தேகம் இருந்தா திரும்பக் கூட்டிட்டு வாங்க. ஹியரிங் எய்ட் போட்ட குழந்தைக்கு "அதான் மெஷின் இருக்கே"ன்னு விட்டுடாதீங்க, மெஷின் டீச்சர் குரலோட சேத்து டப்பா சத்தத்தையும் பெருசாக்கிக் குடுக்கும்.

அடுத்தது கத்துறது. சுத்தி சத்தம் ஏறினா நம்ம குரலும் தன்னால ஏறும், 1911லயே பிரான்ஸ்ல லோம்பார்னு ஒரு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். நீங்க ஏத்துவீங்க, பிள்ளைங்க ஏத்துவாங்க, பீரோவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீச்சர் உங்களைத் தாண்டி ஏத்துவாங்க. அப்புறம், கத்தும்போது ஆ, ஓ மாதிரி உயிர் சத்தம்தான் பெருசாகும், க, ச, த, ப எல்லாம் அந்த அளவுக்கு ஏறாது. தொண்டை போனதுதான் மிச்சம், வட்டம் அப்பவும் "ட்டம்"தான்.

உலக சுகாதார நிறுவனம் 1999ல வகுப்பறையோட பின்னணி சத்தத்துக்குச் சொன்ன வரம்பு 35 டெசிபல், எதிரொலி அடங்குற நேரம் 0.6 செகண்ட். டீச்சர் குரல் பின்னணியை விட 15 டெசிபலாச்சும் மேல இருக்கணும்னு நாங்க எதிர்பார்ப்போம். நான் போன ஹால்ல பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே மீட்டர் 35ஐத் தாண்டி நின்னுச்சு. போன் ஆப்ல அளந்துட்டு என்னோட சண்டைக்கு வராதீங்க, அந்த நம்பர் அவ்ளோ துல்லியம் இல்ல, ஆனா அதே போன்ல நேத்துக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

சரி, என்ன பண்ணலாம்? முதல்ல ரெண்டு டீச்சரும் உக்காந்து டைம்டேபிளை ஒத்துப் போடுங்க. இந்தப் பக்கம் கதைன்னா அந்தப் பக்கமும் கதையோ படம் வரையறதோ, பாட்டுன்னா ரெண்டு பக்கமும் பாட்டு. காசு செலவே இல்லாத வேலை, ஆனா இதைத்தான் யாரும் பண்றதில்ல, ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. ஏதாச்சும் சொல்லணும்னா ஹாலோட அந்தக் கோடியிலேர்ந்து கத்தாதீங்க, பக்கத்துல போய் குனிஞ்சு முகத்தைக் காட்டிப் பேசுங்க, கிட்ட வந்தா எதிரொலியை விட உங்க குரல் பலமா போய்ச் சேரும். எல்லாரையும் கூப்பிட குரலுக்குப் பதிலா லைட்டை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, இல்ல கையைத் தூக்கி நில்லுங்க. நாற்காலி காலுக்கு ரப்பர், ப்ளாக் டப்பாவுக்கு அடியில துணி, தரையில கனமான விரிப்பு, ஜன்னலுக்குத் தடிமனான கர்ட்டன். முட்டை அட்டையை சுவர்ல ஒட்டினா பக்கத்து க்ளாஸ் சத்தம் வராதுன்னு தயவுசெஞ்சு நம்பாதீங்க, அது சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடிச்சாதான் பெரிய வம்பு. பீரோவும் சத்தத்தை மறைக்காது, மேல முழுக்கத் திறந்து கிடக்கு.

அதுக்காக வாயில விரலை வெச்சு உக்காருன்னு நான் சொல்லவே இல்ல. குழந்தைங்க பேசணும், சிரிக்கணும், பேசாம பேச்சு எப்படி வரும்? அவங்க பேச்சை அடக்காதீங்க, நாற்காலி சத்தத்தை அடக்குங்க. ஒரு அமைதியான மூலை வெச்சிருந்தா நல்லது, ஆனா அதைத் தண்டனைக்கு அனுப்புற இடமா மட்டும் ஆக்கிடாதீங்க, சத்தம் தாங்காத குழந்தை தானா போய் உக்காரட்டும்.

அடுத்த தடவை எனக்கு சீட்டு எழுதும்போது ஒரு சின்ன உதவி பண்ணுங்க டீச்சர். "கவனம் இல்ல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவனை முன்னாடி, உங்க பக்கத்துல, பீரோவை விட்டுத் தள்ளி உக்கார வெச்சுப் பாருங்க. அப்பவும் திரும்பலன்னா கண்டிப்பா அனுப்புங்க, அவன் எங்க உக்காந்திருந்தான்ங்கிறதையும் சேத்து எழுதி அனுப்புங்க.