காட்டுத்தரையில் கிடப்பது என்ன?

காட்டுத்தீ அபாய வரைபடம் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த பெரிய பிழை, காட்டு வகை வரைபடத்தையே எரிபொருள் (தீக்கு இரையாகும் சருகு, சுள்ளி, புல் போன்றவை) வரைபடமாக எடுத்துக்கொண்டதுதான். காட்டு வகையின் பெயர் எந்த மரம் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. தீயின் வேகமோ தரையில் என்ன கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது, எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

முதுமலையில் "வறண்ட இலையுதிர் காடு" என ஒரே வண்ணமிட்ட பகுதிக்குள் நடந்தால் இது விளங்கும். தேக்கின் அடியில், பிப்ரவரி இறுதியில், முறம்போன்ற சருகுகள் இடையே காற்றுப் புகும்படி அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒன்றை எடுத்து மடக்கினால் அப்பளமாக நொறுங்கும். சற்றுத் தள்ளி உண்ணிச்செடி மண்டிய இடத்தில், தரையில் ஊர்ந்து வரும் தீ புதரைப் பற்றிக்கொண்டு கிளைவரை ஏற வழி கிடைக்கிறது. அதற்கப்பால் இடுப்பளவு புல்.

1982இல் அமெரிக்காவில் காட்டுத்தீ ஆய்வாளர் ஆண்டர்சன் தொகுத்த 13 எரிபொருள் மாதிரிகள் இந்த வேறுபாட்டைத்தான் எண்களாக்கின: புல், புதர், மரத்தடிச் சருகு, வெட்டிப்போட்ட கழிவு என நான்கு குழுக்கள். அதில் குட்டைப்புல்லின் ஈரப்பதம் 12 விழுக்காட்டை எட்டினாலே தீ பரவாது. உயரப்புல்லில் அந்த வரம்பு 25. (அவை அந்நாட்டுத் தாவரங்களுக்கானவை என்பதால், அப்படியே நம் காட்டுக்குப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை.) தடிமனும் முக்கியம்: 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த சுள்ளியும் புல்லும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே காற்றின் வறட்சிக்கு ஏற்பக் காய்ந்துவிடும், 75 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். காலையில் பனியில் நனைந்திருந்த புல் பிற்பகலில் பற்றிக்கொள்வது இதனால்தான்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது புல் மண்டிய சரிவில்தான்; 23 பேர் உயிரிழந்தனர். புல்தீ சரிவில் மேல்நோக்கி ஓடுகையில், சாய்வு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும்.

இப்போது ஒரு சதுர மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு, உள்ளே கிடப்பதைச் சருகு, சுள்ளி, புல் எனப் பிரித்து, எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி மீண்டும் எடைபோடுகிறோம். ஜனவரியில் பச்சையாக நின்று தீயைத் தடுத்த புல்லே மார்ச்சில் வைக்கோலாகிவிடுவதால், ஒரே இடத்தை ஆண்டுக்கு இருமுறை அளந்து, வரைபடத்தில் இரண்டு வண்ணங்கள் கொடுக்கிறேன்.