ஆய்வுக் கேமரா ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்றால் அடுத்துக் கேட்க வேண்டியது என்ன?

பெங்களூரின் பீன்யாவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் சர்க்யூட் போர்டு அசெம்பிளி செய்யும் யூனிட்டுகளுக்கு, போர்டில் பழுதைத் தேடும் ஏஐ ஆய்வுக் கேமரா விற்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் ஸ்லைடிலேயே ஓர் எண்ணைப் போடுகிறார்கள்: துல்லியம் 99.9. வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் அத்திப்பள்ளி தாண்டி வந்து, கேமரா நிறுத்திய படங்களைச் சரிபார்க்கும் ரிவ்யூ திரையின் முன் எட்டு மணி நேரம் உட்காரும் நம் பிள்ளைகளுக்குத்தான் அந்த எண் லைனில் என்ன ஆகிறது என்று தெரியும். கேமராவை வாங்கும் முன்பே அவர்களுக்குத் தெரிவது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஒரு போர்டில் பாகங்களை ஒட்டும் சால்டர் (பற்றாசு) இணைப்பு 1,000, ஒரு ஷிஃப்ட்டில் 500 போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 லட்சம் இணைப்பு. பத்து லட்சத்துக்கு 100 பழுது என்ற நிலையில் லைன் ஓடினால், அந்த 5 லட்சத்தில் உண்மையான பழுது 50. இப்போது கேமராவையே கழற்றிவிட்டு, வருவதையெல்லாம் ‘நல்லது’ என்று சொல்லும் ஒற்றை வரி நிரலை ஓட்டினால் அதன் துல்லியம் 99.99 சதவீதம். ஒரு பழுதையும் பிடிக்காத நிரல், விற்க வந்த கேமராவை விட அதிக மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பழுது அரிதாக இருக்கும் இடத்தில் துல்லியம் என்ற அளவு எதையும் சொல்லாது.

கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. உண்மையான பழுதுகளில் எத்தனை தப்பிப் போயின? லைனில் இதை எஸ்கேப் என்பார்கள். நல்ல இணைப்புகளில் எத்தனையைப் பழுது என்று நிறுத்தியது? இது ஃபால்ஸ் கால். ஒன்றை மட்டும் தனியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. எல்லாவற்றையும் பழுது என்று சொல்லும் நிரலுக்கு எஸ்கேப் பூஜ்யம்தான். இன்ன ஃபால்ஸ் கால் விகிதத்தில் இன்ன எஸ்கேப் என்று இரண்டையும் சேர்த்து, அதுவும் ஒரே த்ரெஷோல்டில் (எந்த மதிப்பெண்ணுக்கு மேல் பழுது என்று நிறுத்துவது என்ற எல்லை) வைத்துச் சொல்ல வேண்டும்.

ஃபால்ஸ் கால் 0.1 சதவீதம் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். 1,000 இணைப்புள்ள போர்டில் சராசரியாக ஒரு பொய் எச்சரிக்கை. 100 போர்டில் ஏறக்குறைய 63 போர்டு ஒரு தடவையாவது நிற்கும். ஷிஃப்ட்டுக்கு 500 எச்சரிக்கை, ஒன்றைப் பார்க்க 5 வினாடி என்றால் 42 நிமிடம். தாங்கலாம். அதுவே 1 சதவீதமானால் 5,000 எச்சரிக்கை, கிட்டத்தட்ட 7 மணி நேரம். ஒருவரின் முழு ஷிஃப்ட்டும் அதிலேயே போய்விடும். அந்த 5,000க்கு நடுவே உண்மையான பழுது 50கூட இருக்காது. நூறு தடவைக்கு மேல் ‘ஓகே’ பட்டனை அழுத்தினால்தான் ஓர் உண்மைப் பழுது வரும். அது வரும் நேரத்தில் விரல் பழக்கத்தில் ‘ஓகே’யையே அழுத்திவிடும். அதை ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி மெமோ கொடுப்பது அநியாயம். அந்தத் தவறு த்ரெஷோல்டு வைத்த அன்றே நடந்துவிட்டது.

பழுது என்று முடிவு செய்தது யார்?

அளவீட்டில் மிகப் பெரிய ஓட்டை அல்காரிதத்தில் இருப்பதில்லை. ‘சரியான விடை’ என்று நாம் வைத்திருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது.

பல இடங்களில் சோதனைப் படங்கள் பழைய ஏஓஐ (கேமராவால் போர்டைத் தானாக ஆய்வு செய்யும்) இயந்திரத்தின் பதிவிலிருந்து எடுக்கப்படுகின்றன. பழைய இயந்திரம் நிறுத்திய படங்களை மட்டும் ஆபரேட்டர் பார்த்து, பழுது, பழுதில்லை என்று குறித்திருப்பார். அது நிறுத்தாமல் விட்ட படங்களை யாரும் பார்த்ததில்லை. அவையெல்லாம் ‘நல்லது’ என்ற பெயரில் கோப்பில் கிடக்கின்றன. இந்தத் தொகுப்பில் புதிய மாடலை (கேமராவின் ஏஐ நிரலை) சோதித்தால், பழைய இயந்திரம் தப்பவிட்ட பழுதைப் புதியது பிடித்தாலும் அது ஃபால்ஸ் கால் என்றே கணக்கில் ஏறும். பழையது எந்த வகைப் பழுதைப் பார்க்கவே மாட்டாதோ, அந்த வகை சோதனையிலேயே இருக்காது.

இதற்கு வழி ஒன்றுதான், உழைப்பு கூடுதல். பாஸ் ஆன போர்டுகளிலிருந்தும் குருட்டாம்போக்கில் சிலவற்றை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் முழுதாகப் பார்க்க வேண்டும். ஐசிடி (போர்டின் இணைப்புகளில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனை), ஃபங்ஷனல் டெஸ்ட் (போர்டை இயக்கிப் பார்ப்பது) இரண்டிலும் விழுந்த போர்டுகளின் சீரியல் எண்ணைக் கேமரா பதிவோடு பொருத்தி, அந்த இணைப்பைக் கேமரா என்ன சொன்னது என்று தேட வேண்டும். கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த போர்டு இருந்தால் அது தங்கம். அதை ரீவொர்க் மேஜைக்கு அனுப்பும் முன் படம் எடுத்து வையுங்கள். ஆனால் ஐசிடியையே முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சால்டர் குறைவான இணைப்பும் அன்றைக்கு மின்சாரம் கடத்தும். ஆறு மாதம் அதிர்வில் ஓடிய பிறகு விட்டுப்போகும்.

விடை எழுதும் மனிதர்களும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு அனுபவசாலிகளிடம் ஒரே 200 படங்களைத் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். பாகம் இல்லை, பாகம் நிமிர்ந்து நிற்கிறது, பாகத்தின் இரண்டு பின் (உலோகக் கால்) ஒட்டிக்கொண்டது (பிரிட்ஜ்) என்பவற்றில் சண்டை வராது. ‘சால்டர் போதவில்லை’ என்பதில்தான் வரும். எலக்ட்ரானிக் அசெம்பிளிகளை எப்போது ஏற்கலாம் என்று சொல்லும் ஐபிசி-ஏ-610 தரம், பொருட்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் வகுப்பில் ஏற்கத்தக்க இணைப்பு, உயிர்காக்கும் மருத்துவக் கருவி போன்றவை வரும் மூன்றாம் வகுப்பில் தள்ளுபடியாகலாம். எந்த வகுப்பு என்று எழுதி வைக்காமல் விடை குறித்தால், மனிதர்களே ஒத்துப்போகாத அளவைத் தாண்டி எந்த அல்காரிதமும் மதிப்பெண் வாங்க முடியாது. அப்படியும் வாங்கினால் சந்தேகப்படுங்கள்.

எத்தனை பழுது வைத்துச் சோதிப்பது?

50 பழுதில் 48ஐப் பிடித்தது, ஆகவே 96 சதவீதம் என்கிறார்கள். 50 என்ற சிறிய எண்ணுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 86.5க்கும் 98.9க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு விற்பனையாளர்கள் 94, 96 என்று சொன்னால், 50 பழுதை வைத்து யார் மேல் என்று முடிவு செய்யவே முடியாது.

எளிய சூத்திரம் ஒன்று மனதில் இருக்கட்டும்: சோதித்த பழுதுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்றால், உண்மையான எஸ்கேப் விகிதத்தின் மேல் எல்லை ஏறக்குறைய 3ஐச் சோதித்த எண்ணிக்கையால் வகுத்தது. எஸ்கேப் 1 சதவீதத்துக்குள் என்று உறுதியாகச் சொல்ல 300 பழுது வேண்டும், அந்த 300ஐயும் பிடித்திருக்க வேண்டும். அதுவும் ஒரு பழுது வகைக்கு. 280 பிரிட்ஜும், போர்டில் ஒட்டாமல் தூக்கி நிற்கும் கால் 20ம் கலந்த 300, தூக்கி நிற்கும் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சிறு யூனிட்டுக்கு 300 சேர்க்க மாதங்கள் ஆகும். அதனால்தான் கேமரா வாங்கும் எண்ணம் வந்த அன்றே படம் சேர்க்கத் தொடங்குங்கள். டெமோ தேதி குறித்த பிறகு சேர்க்க முடியாது. ஸ்கிராப் போர்டில் வேண்டுமென்றே பழுது உண்டாக்கலாம். ஆனால் கையால் செய்த பிரிட்ஜ், சால்டரை உருக்கி ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பில் தானாக உருவான பிரிட்ஜ் போல இருக்காது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் பொதுத் தொகுப்புகளில் வாங்கிய மதிப்பெண்ணையும் இப்படியே பார்க்க வேண்டும். டீப்பிசிபி என்ற தொகுப்பில் 1,500 ஜோடிப் படங்கள் உண்டு. எல்லாம் பாகம் பொருத்தாத வெறும் போர்டு, பழுதுகளில் ஒரு பகுதி செயற்கையாகச் சேர்த்தவை. அங்கே முதலிடம் பிடித்த மாடலுக்குச் சால்டர் என்றால் என்னவென்றே தெரியாது.

கசிவு

சோதனைப் படங்களின் தகவல் முன்கூட்டியே மாடலுக்குப் போய்விடுவதுதான் கசிவு. பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைக் குலுக்கிப் பிரிப்பது பாடப்புத்தக வழக்கம். லைனில் அது கெடுதல். ஒரே போர்டின் 40 படங்களில் 32 பயிற்சிக்கும் 8 சோதனைக்கும் போனால், அந்தப் போர்டின் மாஸ்க் (மேல்பூச்சு) நிறத்தையும் வெளிச்சத்தையும் மாடல் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சீரியல் எண்ணால் பிரியுங்கள். இன்னும் நல்லது, லாட்டாலும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தேதியாலும் பிரிப்பது. மார்ச் வரை பயிற்சி, ஏப்ரல் சோதனை. லைனில் கேமரா செய்யப்போவதும் அதுதானே. திருப்பியும் வெளிச்சம் மாற்றியும் படங்களைப் பெருக்குவதைப் பிரித்த பிறகே செய்ய வேண்டும். த்ரெஷோல்டைச் சோதனைப் படங்களைப் பார்த்து வைத்தாலும் அது கசிவுதான். அதற்கு மூன்றாவதாக ஒரு தொகுப்பு தேவை.

மாடல் குறுக்கு வழியும் கற்கும். மருத்துவப் படிமத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் உண்டு. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மாடல்கள், சிகிச்சைக்காகச் செருகிய வடிகுழாய் தெரியும் படங்களில் நல்ல மதிப்பெண் வாங்கின. குழாய் இல்லாத, இன்னும் சிகிச்சை பெறாத நோயாளிகளிடம் சறுக்கின. நம் லைனில் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பழுதான இடத்தில் ஆபரேட்டர் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எடுத்த படத்தில் பழகிய மாடல், ஸ்டிக்கரைத் தேடும்.

கேமராவும் வெளிச்சமும்

0201 என்ற மிகச் சிறிய பாகத்தின் அளவு 0.6 × 0.3 மில்லிமீட்டர். பிக்சலுக்கு 15 மைக்ரான் என்றால் பாகம் முழுதுக்கும் 40 × 20 பிக்சல்தான். ஓரத்துச் சால்டர் சரிவுக்குச் சில பிக்சலே மிஞ்சும். மூவண்ண வளைய விளக்குள்ள ஏஓஐயில் அந்தச் சரிவை நிறம்தான் சொல்கிறது: தட்டையான பகுதி சிவப்பாகவும் செங்குத்தான பகுதி நீலமாகவும் தெரியும். அந்தப் படத்தை வழக்கமான ஜேபெக்காகச் சேமித்தால், நிறத் தகவல் இரு திசையிலும் பாதியாகக் குறைக்கப்படுவது வழக்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சரிவின் நிறப்பட்டை கலங்கிவிடும். பயிற்சிக்கு ஜேபெக், லைனில் நேரடிப் படம் என்று கலந்தால் டெமோ எண்ணும் லைன் எண்ணும் ஒத்துவராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சொந்தமாக அமைக்கும் கேமரா ஸ்டேஷனில் சாதாரண எல்இடி வளையம் போட்டால் இன்னொன்று வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான டிரைவரில் ஓடும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 2 மில்லிவினாடி எக்ஸ்போஷரில் (கேமரா ஒளி வாங்கும் நேரம்) ஒரே போர்டு ஒரு படத்தில் பிரகாசமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் வரும். எக்ஸ்போஷரை 10 மில்லிவினாடியின் மடங்காக வையுங்கள், அல்லது நிலையான டிசி டிரைவர் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு மூடி அவசியம். காலையில் வெயில், மதியம் மேகம் என்று மாறும் பெங்களூரு வானத்தை மாடலுக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

இவை சரியா என்று பார்க்க எளிய சோதனை: ஒரே போர்டை எடுத்து எடுத்து வைத்து 10 தடவை ஓட்டுங்கள், பிறகு 180 டிகிரி திருப்பி 10 தடவை. ஒரே இணைப்புக்கு விடை மாறிக்கொண்டிருந்தால், துல்லியத்தைப் பற்றிப் பேசவே இன்னும் நேரம் வரவில்லை.

வேகம்

மாடலின் கணக்கைப் போடும் ஜிபியு சில்லுக்கு வேலையை அனுப்பிய உடனே பைத்தான் நிரல் அடுத்த வரிக்கு வந்துவிடும். சிங்க்ரனைஸ் செய்யாமல், அதாவது வேலை முடியும்வரை காத்திராமல், கடிகாரம் பார்த்தால், வேலையை ஒப்படைத்த நேரம்தான் கிடைக்கும், முடித்த நேரம் கிடைக்காது. ‘3 மில்லிவினாடி’ என்ற அதிசய எண்களில் பல இப்படி வந்தவை. படம் எடுப்பது, வெட்டுவது, மாடல், முடிவை எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சராசரி போதாது. நூற்றுக்கு ஒரு படம் தாமதமாகிறது என்றால் அற்பமாகத் தோன்றும். போர்டுக்கு 40 படம் எடுத்தால் மூன்றில் ஒரு போர்டு அந்தத் தாமதத்தில் மாட்டும். 99ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 படம் எத்தனை நேரத்துக்குள் முடிகிறது என்பதைக் கேளுங்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியைத் தொடர்ந்து நாலு மணி நேரம், முடிந்தால் ஏப்ரல் மதியத்தில், ஓட்டி அளக்க வேண்டும். சூடேறினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காக மாடலை 8 பிட் எண்களுக்கு மாற்றியிருந்தால், எஸ்கேப்பை மாற்றிய மாடலில் மறுபடி அளக்க வேண்டும். மொத்த எண் அசையாமல் இருக்கும்போதே அரிதான வகை ஒன்று சத்தமில்லாமல் விழுந்திருக்கலாம்.

வாங்கிய பிறகு

183 டிகிரியில் உருகும் ஈயச் சால்டர் பளபளக்கும். 217 டிகிரிக்கு மேல் உருகும் ஈயமில்லாச் சால்டர் மங்கலாக, மணல் போல உறையும். ஒன்றில் பழகிய மாடல் மற்றதை முழுக்கப் பழுது என்று நிறுத்தலாம். சால்டர் பேஸ்ட் பிராண்டு, மாஸ்க் நிறம், ஐசி (சில்லு) மேல் எழுத்து மையா லேசரா என்பதெல்லாம் இதே வகை. பர்ச்சேஸ் இதில் எதை மாற்றினாலும் தர ஆய்வுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும். பல யூனிட்டுகளில் அந்த ஒரு போன்கால்தான் இல்லை. அடிப்பக்கத்தில் சால்டர் உருண்டைகளால் இணையும் பிஜிஏ சில்லின் அடியில் இருப்பதை எந்த மேல்கேமராவும் பார்க்காது, அதற்கு எக்ஸ்ரேதான்.

வாராவாரம் தெரிந்த பழுதுள்ள போர்டுகளை ஓட்டிப் பாருங்கள். ஒரு வருடத்தில் அந்தப் போர்டின் சால்டரே மங்கிப் போகும், ஆகவே முதல் நாள் எடுத்த படங்களையும் கூடவே வையுங்கள்.

கொள்முதல் ஆர்டரில் ‘துல்லியம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பழுது வகை ஒவ்வொன்றுக்கும் எஸ்கேப் எல்லை, அந்த த்ரெஷோல்டில் போர்டுக்கு எத்தனை ஃபால்ஸ் கால், 99ஆம் சதமான நேரம், ஐபிசி வகுப்பு ஆகியவற்றை எழுதுங்கள். சோதனைத் தொகுப்பை விற்பனையாளரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் கணினியில் ஓட்டி, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். கொடுத்துவிட்டால் அடுத்த பதிப்பு அதில் பழகி வரும். மாடலின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் அந்தத் தொகுப்பில் ஓடித் தேறிய பிறகே லைனில் ஏறும் என்ற வரியையும் அதே ஆர்டரில் சேருங்கள்.