பன்றியோடு மோதியது யார்?

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றின் சமுதாய நலக்கூடத்தில் நடந்த கூட்டம் அது. மேடைக்குப் பின்னே கட்டியிருந்த ஃபிளெக்ஸில் ‘மனித–வனவிலங்கு மோதல் தடுப்பு விழிப்புணர்வு முகாம்’ என்று எழுதியிருந்தது. பேசிய அதிகாரி கால்மணி நேரத்துக்குள் ‘மோதல்’ என்ற சொல்லைப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது சொல்லியிருப்பார். முன்வரிசையிலிருந்த ஒரு பெண்மணி எழுந்து நின்று கேட்டார்: “நான் எங்க சார் மோதுனேன்? நான் வீட்டுல தூங்கிட்டுல்லா கெடந்தேன். பன்னி ராத்திரி எறங்கி வாழை மூட்ட பூரா தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டு.” கூடம் முழுக்கச் சிரித்தது, அதிகாரியும் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. இதே சொல்லைச் செய்தித்தாளிலும் சுவரொட்டியிலும் வானொலியிலும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அன்று அதை எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மோதல் என்பதற்கு வேர் ‘மோது’. அடித்தல், தாக்குதல், முட்டுதல் என்பன அதன் பொருள். கம்பு கொண்டு மொத்துகிறோமே, அந்த மொத்துதலும் இதற்குப் பக்கத்து வீடுதான். அலை கரையில் மோதும், லாரி புளியமரத்தில் மோதும், குனியாமல் நுழைந்தால் தலை நிலைப்படியில் மோதும். எல்லாம் ஒரு கணத்தில் நடந்து முடிகிற காரியங்கள். இங்கே, கான்ஃபிளிக்ட் என்ற ஆங்கிலச் சொல்லை மோதல் என்று தமிழாக்கிய மொழிபெயர்ப்பாளருக்காக ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் ‘ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல்’ என்ற பொருளையே உடையது. ஆகவே வேரை மட்டும் பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஆங்கிலச் சொல் அடிதடியை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டது. ஒருவன் மனத்துக்குள் இரண்டு ஆசைகள் இழுத்துக்கொள்வதையும், பதவிக் கடமை ஒரு பக்கமும் சொந்த ஆதாயம் மறுபக்கமுமாக நிற்பதையும், ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் வந்து விழுவதையும் அது குறிக்கும். நம்முடைய மோதலோ இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழில் இந்த இடத்துக்குச் சொல் பஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு தெருவில் ஒரு மாதம் குடியிருந்தவருக்குக்கூட இதில் எத்தனை படிகள் உண்டென்று தெரியும். “அவ சத்தம் போட்டா” என்றால் கண்டித்தாள் என்று பொருள். ஏசினால் கொஞ்சம் மேலே. வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் மனத்தில் வைத்திருந்தால் அது சடவு. “மாமாவுக்கு எம்மேல ஒரு சடவு உண்டு” என்பார்கள், கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து கொடுக்காதது காரணமாக இருக்கும். சடவு முற்றினால் ‘ரெண்டு வீட்டுக்கும் வருத்தம்’. அதுவும் முற்றினால் ‘பேச்சு இல்லை’. சண்டை என்ற சொல் அதற்குப் பிறகுதான் வரும். அதைச் ‘சண்டம்’ என்னும் வடசொல்லோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கிருந்து வந்தாலும் தண்ணீர்க்குழாயடி முதல் நாட்டெல்லை வரைக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

தகராறு என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ‘திரும்பத் திரும்பச் செய்தல்’ என்று பொருள்படும் அரபுச் சொல் உருதுவில் வாக்குவாதமாகி, நம்மிடம் வந்து மடையில் குடியேறிவிட்டது. கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பாசனம் பெறுகிற வயல்களில், பிசானப் பருவ நெல் நடவு நேரத்தில் யார் மடையை யார் அடைத்தார் என்று கிளம்புவது தகராறு. “எனக்கும் அவனுக்கும் என்ன, வாய்க்கா வரப்புத் தகராறா?” என்று வயலே இல்லாதவனும் கேட்கிறான். மோட்டார் தகராறு செய்கிறது, வயிறு தகராறு செய்கிறது, 1947ஆம் ஆண்டுச் சட்டம்கூடத் தொழில் தகராறு சட்டம் என்றே தமிழில் புழங்கியது. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். அரபு வேரோ வட வேரோ, பொருளைத் துல்லியமாகச் சொல்லும் சொல்லை நான் விடமாட்டேன். பொருளை மழுக்கும் தூய தமிழ்ச் சொல்லைவிட அது மேல். மோதல் தூய தமிழ்ச் சொல்தான். அதனால்தான் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பழைய நூல்களில் இந்தப் பாகுபாடு இன்னும் நுட்பம். திருக்குறளின் 86ஆம் அதிகாரம் இகல், அதாவது மாறுபாடு; அடுத்து பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை என மூன்று. கணவன் மனைவிக்கு இடையே வருவதற்குப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று நூலின் கடைசி மூன்று அதிகாரங்களையும் வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். இவை அத்தனையையும் இன்றைய செய்தியாசிரியர் ஒருவர் கையில் கொடுத்தால் ‘தம்பதியர் மோதல்’ என்று முடித்துவிடுவார். ‘புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் பூசல் என்பது அன்பை ஊரறிய வெளிப்படுத்தும் ஆரவாரம். அந்தச் சொல் பின்னால் சண்டையைக் குறித்து, இன்று கட்சிகளுக்குள் நடக்கும் ‘உட்கட்சிப் பூசல்’ ஒன்றில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

‘மோதல்’ என்ற சொல்லால் வரும் கெடுதல் நடையோடு நிற்பதில்லை. இரவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தெருவுக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போனாலும், காலையில் வரும் செய்தி ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்றுதான் இருக்கிறது. அடித்தவனும் அடிபட்டவனும் அந்தச் சொல்லுக்குள் போனால் ஒரே நிறை. எங்கள் வட்டாரத்தில் இந்தத் தலைப்பைப் படித்தே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோஷ்டி மோதல் என்பார்கள். திருக்குறுங்குடிக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியை அறிந்த என் போன்றவர்களுக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் தடுமாறும். என்கவுன்டருக்கும் இதே சொல்தான்: முதலில் மோதல் என்று எழுதுவது, சந்தேகம் எழுந்தால் ‘போலி மோதல்’ என்று எழுதுவது.

காட்டு விலங்குகள் விஷயத்தில் இந்தக் குறையை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ‘மோதல்’ என்றால் விலங்கு வேண்டுமென்றே சண்டைக்கு வந்ததுபோல ஆகிறது, ஆகவே ‘எதிர்கொள்ளல்’ என்று சொல்வோம் என்கிறார்கள். நோக்கம் நல்லது, சொல்தான் எனக்கு ஒப்பவில்லை. எதிர்கொள்ளுதல் என்றால் வருகிறவரை முன்னே சென்று வரவேற்றல் என்பது தொன்றுதொட்டு வரும் பொருள். மாப்பிள்ளை வீட்டாரைப் பன்னீர் தெளித்து எதிர்கொண்டு அழைக்கிறோம். சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கு எதிர்சேவை நடக்கிறது. பாபநாசத்தில் யானை இறங்கினால் ஆரத்தித் தட்டோடா போய் நிற்பது? அந்தப் பொருள் இன்று மங்கிவிட்டது, சவாலை எதிர்கொள்வது என்றுதானே எழுதுகிறோம் என்று பதில் சொல்வார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் எதிர்கொள்ள இரண்டு பேர் நேருக்கு நேர் வரவேண்டும். வாழையை இழந்த பெண்மணி பன்றியைப் பார்க்கவே இல்லை. ‘நான் எங்க சார் எதிர்கொண்டேன்?’ என்று அவர் அடுத்த கூட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது? மோதல் என்ற சொல்லாவது ஏதோ அடி விழுந்தது என்று காட்டியது. எதிர்கொள்ளல் அந்த அடியையும் துடைத்துவிடுகிறது. வழியில் மிளா மானைக் கண்டு நின்று பார்த்துவிட்டு வருவதும் எதிர்கொள்ளல், மகசூல் முழுவதும் போவதும் எதிர்கொள்ளல் என்றால் அந்தச் சொல்லை வைத்து நிவாரணம் கேட்க முடியாது.

இகல் என்று வைக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘இகலென்ப எல்லா உயிர்க்கும்’ என்று குறளே தொடங்குகிறது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சில் இல்லாத சொல்லை ஃபிளெக்ஸில் ஏற்றினால் அதற்கு உரையாசிரியர் ஒருவரையும் பக்கத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

என் தேர்வு பிணக்கு. பிணங்குதல் என்றால் முதலில் பின்னிக்கொள்ளுதல். ‘பிணங்கு அரில்’ என்பது பின்னிக் கிடக்கும் புதர். மனத்தாங்கல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அறிமுகமில்லாதவரோடு நமக்குச் சண்டை வரலாம், பிணக்கு வராது; சேர்ந்து வாழ்ந்தாக வேண்டியவர்களுக்குள் நீடித்து இருப்பதே பிணக்கு. களக்காடு–முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. அந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் வண்டி வண்டியாக நாம் ஏறிப் போகிறோம், வாழை குலை தள்ளும்போது பன்றி இறங்கி வருகிறது. எது காடு எது விளை என்று கோடு கிழித்துவிட முடியாதபடி பின்னிக் கிடக்கும் இந்த நிலைமைக்கு வேறு பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆள் இறந்தால்கூடப் பிணக்கு என்பீர்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லமாட்டேன். யானை தாக்கி இறந்தார் என்று சொல்வேன். இரைக்குள் மறைத்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயைப் பன்றி கடித்துச் செத்தால், வைத்தவர் கொன்றார் என்று சொல்வேன். பொதுநிலைக்குப் பிணக்கு, நேர்ந்ததற்கு நேர்ந்தது. இதே கணக்கில், பதவியும் ஆதாயமும் குறுக்கிடுவதற்கு ‘நல முரண்’ என்ற அழகான சொல் இருக்கிறது. அதை ‘நலன்களின் மோதல்’ என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்த ஒருவரின் தாளில், ஆங்கில ‘இன்ட்ரஸ்ட்’ வட்டியாகிப்போய், அது ‘வட்டி மோதல்’ என்று வந்ததை நானே பார்த்தேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ‘காட்டுப்பன்றி இறங்கி 60 மூடு ஏத்தன் வாழை சேதம்’ என்று பொருள் வரியில் தெளிவாகவே எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அவருக்கு வந்த ஒப்புகைச் சீட்டில் ‘பொருள்: மோதல்’ என்று இருந்தது.